பதினான்கு படி இறங்கிய சேதி

சக்கரக் கப்பலில் மச்சானும் மாப்பிள்ளையும் பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆகியும் கப்பல் ஒருநாள்கூட நிற்கவில்லை என்றால், அதற்கு முழுக் காரணம் டிக்கெட் அக்காதான். இதை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். ஆனால் அந்தப் பெருமை அவள் மனசுக்குள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

கப்பல் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றில் ஒரு மணி நேரம் போய், பாலத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பும் உல்லாசப் படகு. மூன்று அடுக்கு. அடியில் விறகு தின்னும் பாய்லரும் நீராவி இன்ஜினும். நடுவில் பயணிகளின் பெஞ்சுகளும், டிக்கெட்டும் டீயும் விற்கும் மேஜையும். உச்சியில் கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறை. பின்பக்கத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்த, இரண்டு ஆள் உயரச் சக்கரம். அதன் பலகைகள் ஒவ்வொன்றாக வந்து தண்ணீரை அறைந்துவிட்டுப் போகும். அந்தத் தெறிப்பில் நனைவதற்கென்றே பின்பெஞ்சுக்கு அடிதடி நடக்கும். நனைந்தபிறகு 'சட்டை போச்சே' என்று அவளிடம் வந்து சண்டைக்கு நிற்கிறவர்களும் அதே ஆட்கள்தான்.

உச்சி அறையில் சுக்கான் பிடிப்பவர் அவள் கணவர். ஊரே அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடும். அடியில் இன்ஜினைப் பார்த்துக்கொள்பவன் அவள் தம்பி. நடுத்தட்டில் அவள். ஒரு பெண்பிள்ளையின் நிலைமையை இதைவிடத் தெளிவாகப் படம் போட்டுக் காட்ட முடியாது.

உச்சிக்கும் அடிக்கும் நடுவே இரண்டு தொடர்புகள் இருந்தன. ஒன்று மணி. மேலே கயிற்றை இழுத்தால் கீழே அடிக்கும். ஒரு மணி என்றால் முன்னால் போ, இரண்டு என்றால் நிறுத்து, மூன்று என்றால் பின்னால் போ. கீழே இருப்பவன் கேட்ட மணியைத் திருப்பி அடித்துக் காட்டவேண்டும். அப்போதுதான் மேலே இருப்பவருக்கு நிம்மதி. நாள் முடிந்ததும் கேப்டன் நீளமாக ஒரு மணி அடிப்பார், தம்பியும் நீளமாகத் திருப்பி அடிப்பான், அத்தோடு அன்றைய வேலை முடிந்தது. இன்னொன்று பேசும் குழாய். இரண்டு முனையிலும் புனல் வைத்த பித்தளைக் குழாய்; மேலே பேசினால் கீழே கணீரென்று கேட்கும்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கப்பல் நேராகப் போய்த் துறைமேடையில் முட்டியது. மேடையின் இரண்டு கால்கள் முறிந்தன. ஒரு பெரிய மனிதரின் வெள்ளைச் சட்டை முழுக்க டீ. வேறு சேதம் இல்லை. 'நிறுத்தச் சொல்லி ரெண்டு மணி அடிச்சேன்' என்றார் கேப்டன். 'ஒண்ணுதான் வந்தது, ஒண்ணுதான் திருப்பி அடிச்சேன்' என்றான் தம்பி. 'ரெண்டு திரும்பி வந்தது, என் காதால கேட்டேன்' என்றார் கேப்டன். யார் சொல்வது சரி என்று அந்த மணிக்கே தெரியுமோ தெரியாதோ. அதோடு விட்டிருக்கலாம். கேப்டன் குழாயில் வாயை வைத்து, நடுத்தட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "காதுல கரியை அடைச்சு வச்சிருக்கியாடா தூங்குமூஞ்சி!" என்றார். கீழேயிருந்து, "ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியாதவங்க கையில மணியைக் கொடுத்தா இப்படித்தான் ஆகும்," என்று பதில் வந்தது. பயணிகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் வினை. கேப்டன் எண்ணெய்த் துணி ஒன்றைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்தார்.

அன்றோடு பேச்சு முடிந்தது. அக்காவின் கல்யாணத்தன்று பதினோரு வயதுத் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர் கேப்டன். 'மாப்பிள்ளைக்குப் பொண்ணைவிட மச்சானைத்தான் பிடிச்சுப்போச்சு' என்று சொந்தக்காரர்கள் அன்றைக்குக் கேலி செய்தார்கள். தாய் இல்லாமல் அக்கா கையில் வளர்ந்த அந்தப் பையன், அதன்பிறகு அத்தான் தோளை விட்டு இறங்கியதே இல்லை என்று சொல்லலாம். இந்த ஒரு மணி விவகாரத்தில் இறங்கினான்.

வேலை மணியில் நடந்தது. மற்றதெல்லாம் டிக்கெட் அக்கா வழியாக நடந்தது. அவள் மேஜையிலிருந்து உச்சிக்கு ஆறு இரும்புப் படி, அடிக்கு எட்டுப் படி. ஆகப் பதினான்கு. அந்தப் பதினான்கு படிக்குள் எப்பேர்ப்பட்ட வசவும் மரியாதையாக மாறிவிடும்.

"உன் தம்பி கீழ இன்ஜின் ஓட்டுறானா, குப்பை கொளுத்துறானா? புகை மொத்தமும் என் மூஞ்சியில. போய்க் கேளு," என்பார் கேப்டன்.

அவள் இறங்கிப் போய், "விறகு ஈரமா இருக்கு போல, பார்த்துப் போடச் சொன்னாரு அத்தான். உனக்குக் கண்ணு எரியும்னு கவலைப்பட்டாரு," என்பாள்.

"மேல உக்காந்து காத்து வாங்குறவருக்கு இங்க வேகுறவன் கஷ்டம் என்ன தெரியும்? வந்து ஒரு நாள் நிக்கச் சொல்லு. ஒருமணி நேரத்துல சுருண்டு விழுவாரு."

அவள் ஏறிப் போய், "சரிங்கன்னு சொல்லிட்டான். உங்களுக்கு டீ கொடுத்தாச்சான்னு கேட்டான்," என்பாள்.

இப்படியே நான்கு வருடம். கேப்டன் 'ம்' என்பார். தம்பி உதட்டோரம் லேசாகச் சிரிப்பான். இரண்டு பேரையும் அப்படியே உருட்டிக்கொண்டு வந்துவிட்டோம், ஒருநாள் தானாக ஒட்டிக்கொள்வார்கள் என்று அவள் நினைத்தாள். ஒட்டிக்கொள்வதற்கு இரண்டு பேரும் பக்கத்தில் வரவேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும், நடுவில் ஓடிக்கொண்டிருப்பவளுக்கு உட்கார்ந்து யோசிக்க ஏது நேரம்.

ஐந்தாவது வருடம், சீசன் பாதியில், ஒரு மாதத் தொடக்கத்தில் தம்பி அவளைக் கீழே கூப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, நேராக நின்று பேசினான். அவன் அப்படி நின்று அவள் பார்த்ததில்லை.

"அக்கா, ஒரு மில்லுல பாய்லர் வேலைக்குக் கூப்பிடுறாங்க. தங்க வீடும் தர்றாங்க. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும்."

"போறியாடா?"

"போக மனசில்ல. இந்த இன்ஜினை விட்டுட்டு எங்க போறது? ஆனா இப்படியே இருக்கவும் முடியல. நீ அத்தான்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒரே ஒரு தடவை கீழ இறங்கி வந்து 'இருடா'ன்னு சொல்லட்டும். மன்னிப்பெல்லாம் வேணாம். யாரு மேல தப்புங்கிற பேச்சே வேணாம். அந்த ஒரு வார்த்தை போதும், நான் இருந்துடுவேன். இல்லன்னா மாசக் கடைசி ஞாயித்துக்கிழமையோட கிளம்பிடுறேன். நான் சொன்னபடியே சொல்லு."

"சொல்றேன்."

"சொன்னபடியே."

"அதான் சொல்றேன்னேனே!"

எட்டுப் படி ஏறும்வரை அவளுக்கு எண்ணம் சுத்தமாகத்தான் இருந்தது. மேஜையைத் தாண்டி, மேல்படியில் கால் வைத்ததும் பழைய வேலை தொடங்கிவிட்டது. இதை இப்படியே சொன்னால் இந்த மனிதர் என்ன சொல்வார்? 'மிரட்டுறானா? போறவன் போகட்டும்' என்பார். அவளுக்குத் தெரியாதா அவரை? அந்த வார்த்தை ஒருதடவை வாயிலிருந்து வந்துவிட்டால் பிறகு அள்ளமுடியாது. ஆறாவது படியில் அவள் முடிவு செய்துவிட்டாள்.

"ஏங்க, அவனுக்கு வேலை ரொம்பக் கஷ்டமா இருக்காம். முதுகு வலிக்குதாம். கொஞ்சம் பார்த்துச் செய்யச் சொன்னான்."

கேப்டன் ஆற்றைப் பார்த்தபடியே சுக்கானைக் கொஞ்சம் திருப்பினார். "சீசன் முடியட்டும். முதலாளிகிட்ட நானே பேசி ஒரு வழி பண்றேன்," என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அவள் பூரித்துப்போனாள். பார், எவ்வளவு பதமாகக் கேட்டால் எவ்வளவு பதமாகப் பதில் வருகிறது!

கீழே இறங்கினாள். தம்பி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். முதலாளி, முதுகுவலி எல்லாம் இங்கே சொன்னால் குட்டு உடைந்துவிடும். ஆகவே பாதியை மட்டும் சொன்னாள்.

"'சீசன் முடியட்டும்'னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். கோபமெல்லாம் படல."

தம்பி தலையை ஆட்டினான். அடுப்புக் கதவைத் திறந்து இரண்டு கட்டை போட்டான். அவன் முகத்தில் என்ன மாறியது என்று அவள் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மேலே யாரோ டீ கேட்டுக் கத்தினார்கள், அவள் ஓடிவிட்டாள்.

அதற்காக அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்கவேண்டாம். ஒவ்வொரு நாளும் எழுந்ததும், இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் நினைப்பாள். ஒருநாள் கேப்டனுக்குக் கடைவாய்ப் பல் வலி. ஒருநாள் ஆற்றில் மூடுபனி, மனிதர் சிடுசிடுவென்று இருந்தார். ஒருநாள் முதலாளி வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு நாள் அவர் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தார். அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். கீழே போகும்போதெல்லாம் இன்னொன்றையும் கவனித்தாள். படியில் காலடிச் சத்தம் கேட்டதும் தம்பி சட்டென்று நிமிர்ந்து பார்ப்பான். அவள்தான் என்று தெரிந்ததும் திரும்ப வேலையைப் பார்ப்பான். அது ஏன் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அப்படி நாளைத் தள்ளினாள், அதை எப்படிச் சொன்னாலும் மூடி மறைக்க முடியாது.

மாதக் கடைசி ஞாயிறும் வந்தது. நல்ல கூட்டம். பித்தளைப் பாகங்களையெல்லாம் தம்பி விடியற்காலையிலேயே தேய்த்து வைத்திருந்தான். கடைசிப் பயணம் முடிந்து கப்பல் துறைமேடையை நெருங்கியபோது, சக்கரம் மெல்ல மெல்ல அடங்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் கப்பல் கரையோடு ஒட்டிக்கொண்டது. மேஜைமேல் இருந்த டீ கிளாஸில் அலைகூட இல்லை.

அவள் மேலே ஏறினாள். சொல்லிவிடுவது என்றுதான் ஏறினாள். கேப்டன் கண்ணாடி வழியே கரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "பார்த்தியா? வெண்ணெய் மாதிரி கொண்டுவந்து நிறுத்திட்டான் உன் தம்பி. இந்த ஆத்துல இவனை மாதிரி இன்ஜின் பிடிக்க ஆளே கிடையாது," என்றார்.

அவள் படிப்பக்கம் கையைக் காட்டினாள். "கீழ போய் நீங்களே சொல்லுங்களேன்."

கேப்டன் படியைப் பார்த்தார். பார்த்தது நிஜம். பிறகு, "நீயே சொல்லிடு," என்று மணிக்கயிற்றைப் பிடித்து நீளமாக இழுத்தார்.

அவளும் போய்ச் சொன்னாள், ஒரு எழுத்து மாற்றாமல். "'வெண்ணெய் மாதிரி கொண்டுவந்து நிறுத்திட்டான் உன் தம்பி. இந்த ஆத்துல இவனை மாதிரி இன்ஜின் பிடிக்க ஆளே கிடையாது'ன்னாரு அத்தான்."

தம்பி சிரித்தான். "சொன்னாராக்கும்," என்றான். பிறகு மணியைத் திருப்பி அடித்தான். வழக்கத்தைவிட ரொம்ப நீளமாக அடித்தான்.

மறுநாள் காலை புகைபோக்கியில் புகை இல்லை. பாய்லர் சூடாக மூன்று மணி நேரம் வேண்டும். முதல் பயணத்துக்கு ஆட்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். கேப்டன் மேலேயிருந்து மணி அடித்தார். பதில் இல்லை. இன்னொருமுறை அடித்தார். பிறகு பதினான்கு படியும் தடதடவென்று இறங்கினார். நான்கு வருடத்தில் முதல் தடவை. அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் பாய்லர்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருந்திருக்கவேண்டும். கையை எடுக்காமலே நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டானே," என்றார்.

அவள் மேலே போய், வரிசையில் நின்றவர்களிடம் இன்றைக்குப் பயணம் இல்லை என்று சொன்னாள்.

அந்த இன்ஜினை ஓட்டப் புது ஆள் கிடைக்கவில்லை. வந்த இரண்டு பேரும் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். முதலாளி எத்தனை நாள் பொறுப்பார்? இன்ஜினையும் பாய்லரையும் வெட்டி எடுத்துவிட்டு ஒரு டீசல் மோட்டாரை வைத்தார்கள். இப்போது கப்பலை ஓட்டுவது அடியில் தண்ணீருக்குள் சுற்றும் ஒரு சின்ன விசிறி. பெரிய சக்கரம் பார்வைக்கு. கப்பல் போகிற வேகத்தில் தண்ணீர் தள்ள, அது பாட்டுக்குச் சுற்றும். பின்பெஞ்சில் யாரும் நனைவதில்லை. சட்டை போச்சு என்று அவளிடம் யாரும் சண்டைக்கு வருவதும் இல்லை. ஸ்டார்ட் பண்ணுவது, நிறுத்துவது எல்லாம் மேலேயே ஒரு கைப்பிடியில் வந்துவிட்டது. மணிக்கயிறும் குழாயும் அழகுக்குத் தொங்கின.

ஒரு வருடம் போனது. கேட்கிறவர்களிடமெல்லாம் கேப்டன் 'சொல்லாம போயிட்டான்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் கோபமாகச் சொன்னார். போகப்போக வேறு மாதிரி சொன்னார். ஒருநாள் மத்தியானம் அவள் டீ கொண்டுபோனபோது, அவள் கேட்காமலே சொன்னார்:

"போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன வேணாம்னா சொல்லியிருப்பேன்? கீழ போய் 'இருடா'ன்னு சொல்லியிருப்பேனே."

அதே வார்த்தை. 'போறவன் போகட்டும்' என்று சொல்வார் என்று ஆறு படிக்குள் அவள் முடிவு கட்டிய மனிதர், அதே வார்த்தையைச் சொல்கிறார்.

அடுத்த வாரமே பஸ் ஏறித் தம்பியைப் பார்க்கப் போனாள். மில்லின் பின்சுவரை ஒட்டி வரிசையாக ஒற்றை அறை வீடுகள், அதில் கடைசி. சுவரில் ஒரு ஆணி, அதில் ஒரு சட்டை. அக்காவைப் பார்த்ததும் பாயைத் தட்டி விரித்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்தபிறகுதான் கேட்டான்.

"அன்னைக்கு நான் சொன்னதை நீ போய்ச் சொன்னப்போ, அத்தான் மூஞ்சி எப்படிக்கா இருந்துச்சு?"

அவள் மாற்றிச் சொல்லப் பழகியவள். அப்போதுகூட நாக்கு நுனியில் ஒரு பதில் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"நான் சொல்லவே இல்லடா. முதுகு வலிக்குதுன்னு சொன்னேன். அதுக்குத்தான் அவரு 'சீசன் முடியட்டும், முதலாளிகிட்ட பேசுறேன்'னாரு. அதுல பாதியை உன்கிட்ட கொண்டுவந்தேன்."

மில்லுக்குள் ஏதோ ஒரு எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நாலு வருஷமா நீ மேலேருந்து கொண்டுவந்த எதையும் நான் நம்பினதில்லக்கா," என்றான். "கண்ணு எரியும்னு கவலைப்பட்டாராம். அவரு என்னைக்கு அப்படிப் பேசினாரு? எல்லாம் உன் பேச்சுன்னு தெரியும். தெரிஞ்சும் கேட்டுக்குவேன், உன் ஆசைக்கு. ஆனா 'சீசன் முடியட்டும்'னு நீ சொன்னப்போ, அது அப்படியே அவரு குரல். அந்த ஒண்ணைத்தான் நம்பினேன்."

"அந்த வெண்ணெய்ப் பேச்சும் நிஜம்டா!" என்று அவள் கதறிவிட்டாள். "அதையும் அவரே சொன்னாருடா, நான் ஒண்ணுமே சேர்க்கல!"

தம்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. நான்கு வருடத்தில் அவள் மாற்றாமல் கொண்டுபோனது இரண்டே இரண்டு சேதி. ஒன்று அரைகுறை, அதை நம்பினான். முழுசாகச் சொன்னதை நம்பவில்லை. யாரைக் குறை சொல்வது?

"இன்ஜின்?" என்றான்.

'பத்திரமா எடுத்து வச்சிருக்காங்க' என்று சொல்ல வாயெடுத்தாள். "வெட்டி எடைக்குப் போட்டாங்க," என்றாள்.

அவன் எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு அவளுக்குக் கொடுத்தான். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தான். பஸ் வந்ததும் அவள், "அத்தான்கிட்ட என்ன சொல்லட்டும்?" என்று கேட்டாள். கேட்டபிறகு தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

"நான் சொல்லிட்டுத்தான் போனேன்னு சொல்லு. அது போதும்."

மறுநாள் இரண்டு பயணங்களுக்கு நடுவே, கப்பல் துறையில் காலியாக நின்றபோது, அவள் ஆறு படியும் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அந்தச் சேதியை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினாள், எங்கேயும் வளைந்துவிடாமல்.

"தம்பியைப் பார்த்துட்டு வந்தேன். 'நான் சொல்லிட்டுத்தான் போனேன்'னு உங்ககிட்ட சொல்லச் சொன்னான்."

"யார்கிட்ட சொன்னான்? என்கிட்ட எங்க சொன்னான்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மில் வேலை, மாதக் கடைசி, 'இருடா'. முதுகுவலி தான் இட்டுக்கட்டியது என்றும் சொன்னாள். கேப்டன் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தனை நாள் காத்திருந்தான்?"

"இருபத்தாறு."

கேப்டன் தொப்பியைக் கழற்றிச் சுக்கானில் மாட்டினார். அவளைத் தாண்டிப் படியில் இறங்கினார். ஆறு. பிறகு எட்டு. அவள் மேலேயே நின்று எண்ணினாள்.

நேரமாகியும் அவர் ஏறி வரவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. குழாயின் வாயில் இறுகிப்போயிருந்த எண்ணெய்த் துணியை நகத்தால் நோண்டி வெளியே இழுத்தாள். கீழ்முனையிலும் தம்பி இப்படி ஒரு துணியை அடைத்திருப்பான் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தாள். காதை வைத்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் திறந்தேதான் இருந்திருக்கிறது.

கீழே அவர் நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. பாய்லர் இருந்த வெற்றிடத்தின் முன்னால் நிற்கிறார் போலிருக்கிறது. பிறகு அவ்வளவு பெரிய மனிதர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுவது, பக்கத்தில் நின்று கேட்பதுபோலக் கேட்டது. நடுவில் ஒருதடவை, ரொம்ப மெதுவாக, "இருடா" என்றார்.

டிக்கெட் அக்கா காதை எடுக்கவில்லை. ஒரு எழுத்து குறையாமல் வந்து சேர்ந்திருந்த அந்த வார்த்தையை இனி எந்தப் படியில் இறங்கி யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.